வலது பக்கம் என்ன நிற்கிறது?

பிரிபொசிஷன் பட்டியலை ஒப்பிக்கத் தெரியாத பிள்ளையை எங்கள் ஊர்ப் பக்கம் பார்ப்பது அபூர்வம். இன், ஆன், அட், பை, ஃபார், ஃப்ரம், வித், அப், டவுன் என்று ஆறாம் வகுப்பிலேயே மூச்சுவிடாமல் சொல்லிவிடுவார்கள். கேள்வித்தாளில் ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, அடிக்கோடிட்ட சொல் எந்த வகை என்று கேட்டால், அது பட்டியலில் இருக்கிறதா என்று மனசுக்குள் தேடுவார்கள். இருந்தால் பிரிபொசிஷன், அவ்வளவுதான். ‘ஹீ ரேன் டவுன் த ஹில்’ என்றாலும் பிரிபொசிஷன், ‘ஹீ ஃபெல் டவுன்’ என்றாலும் பிரிபொசிஷன். முதலாவதற்கு மார்க் உண்டு, இரண்டாவதற்குக் கிடையாது. ஏன் கிடையாது என்று கேட்டால் முழிப்பார்கள்.

கோவில்பட்டியில் பகலில் பள்ளிக்கூடம், சாயங்காலம் போட்டித் தேர்வு வகுப்பு என்று ஆங்கில இலக்கணம் நடத்தியே காலம் போனது எனக்கு. பகலில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். சாயங்காலம் வருகிறவர்கள் பலதரம்: ரயில்வே, பேங்க், எஸ்.எஸ்.சி. எழுதுகிறவர்கள், டெட் தேர்வுக்குப் படிக்கும் பி.எட். பட்டதாரிகள், தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதிவிட்டு அப்படியே ஓடிவரும் பெண்கள். டெட் தேர்வில் 150 மார்க்குக்கு 30 மார்க் ஆங்கிலம். பலருக்கு வேலையே அந்த முப்பதில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். வயசும் படிப்பும் எதுவானாலும் எல்லாரும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். சொல்லை வாக்கியத்திலிருந்து பிடுங்கித் தனியாக வைத்துக்கொண்டு, அதற்கு என்ன பெயர் என்று யோசிப்பார்கள்.

அதனால் புது வகுப்பு தொடங்கினால் பலகையில் ‘ரவுண்ட்’ என்று ஒரு சொல்லை மட்டும் எழுதி, இது என்ன என்று கேட்பேன். அட்ஜெக்டிவ் என்று பாதிப் பேர் சொல்வார்கள். ‘எ ரவுண்ட் டேபிள்’ என்று எழுதினால் அவர்கள் சொன்னது சரி. ‘த ஃபர்ஸ்ட் ரவுண்ட்’ என்று எழுதினால் நௌன். ‘த ஷிப் ரவுண்டட் த கேப்’ என்றால் வெர்ப். ‘ஹீ டர்ன்ட் ரவுண்ட்’ என்றால் அட்வெர்ப். ‘வீ சாட் ரவுண்ட் த ஃபயர்’ என்றால் பிரிபொசிஷன். இதையெல்லாம் எழுதி முடித்தபிறகு பழையபடி ‘ரவுண்ட்’ என்று ஒற்றைச் சொல்லைக் காட்டி இது என்ன என்று கேட்டால் வகுப்பு வாய் திறக்காது. வாய் திறக்காமல் இருப்பதுதான் அதற்குச் சரியான பதில். வாக்கியத்துக்கு வெளியே கிடக்கிற சொல்லுக்கு வகை சொல்ல முடியாது.

பிரிபொசிஷனைப் பிடிக்க நான் கொடுக்கும் சோதனை சின்னது. சந்தேகப்படும் சொல்லுக்கு வலது பக்கம் பார். ‘எது?’ ‘யார்?’ என்று கேள். பெயர்ச்சொல்லோ, பெயர் மாதிரி நிற்கிற சொல்லோ பதிலாக வந்தால் அது பிரிபொசிஷன். எழுவாயும் வினையுமாக ஒரு வாக்கியமே வந்து நின்றால் கன்ஜங்ஷன். ஒன்றுமே இல்லாவிட்டால் அட்வெர்ப். ‘பிஃபோர்’ இந்த மூன்றுக்கும் ஆகிவரும். ‘ஐ மெட் ஹிம் பிஃபோர் லஞ்ச்’: வலது பக்கம் லஞ்ச் நிற்கிறது, பிரிபொசிஷன். ‘ஐ மெட் ஹிம் பிஃபோர் ஹீ லெஃப்ட்’: வலது பக்கம் ஓர் ஆள் கிளம்பியே போகிறான், கன்ஜங்ஷன். ‘ஐ ஹாவ் மெட் ஹிம் பிஃபோர்’: வலது பக்கம் முற்றுப்புள்ளி, அட்வெர்ப். ‘பிஃபோர் லீவிங்’ என்றால் அந்த இங் வடிவம் பெயர் மாதிரி நிற்கிறது, ஆகவே பிரிபொசிஷன்.

பிள்ளைகள் ஏமாறுவது அரைகுறையாகப் பார்ப்பதால். ‘ஆஃப்டர் த மேட்ச் எண்டட், வீ வென்ட் ஹோம்’ என்று கொடுத்தால் ‘மேட்ச்’ வந்தவுடன் பென்சிலை வைத்துவிடுவார்கள். பெயர் வந்துவிட்டதாம், பிரிபொசிஷனாம். பெயரைப் பார்த்தால் போதாது, அதற்கு அடுத்த சொல்லையும் பார்க்க வேண்டும். மேட்ச்சுக்கு ஒரு வினை சொந்தமாக இருக்கிறதே, ‘எண்டட்’! அப்போது அது கன்ஜங்ஷன். தேர்வில் இப்படிப்பட்ட வாக்கியம்தான் வரும், ஏனென்றால் கேள்வி எடுப்பவருக்கும் பிள்ளைகள் எங்கே பென்சிலை வைப்பார்கள் என்று தெரியும்.

இத்தனை எளிதான சோதனை ஏன் கைக்கு வர மாட்டேன் என்கிறது என்று வெகுநாள் கவனித்திருக்கிறேன். ‘த பாய் அண்டர் த டேபிள் இஸ் ஸ்லீப்பிங்’ என்று எழுதி, ‘அண்டர்’ எந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று கேட்டால், நன்றாகப் படிக்கிற பிள்ளைகூட ‘பாய்’ என்று சொல்லும். இடது பக்கம் பார்க்கிறது! நம் மொழியில் இப்படிப் பார்ப்பதுதான் இயல்பு. ‘மேசைக்குக் கீழே’ என்று மேசையை முதலில் சொல்லிவிட்டு உறவை அப்புறம் சொல்கிறோம். பெயர், வினை, இடை, உரி என்று சொற்களை நாலாக வைத்த தொல்காப்பியத்தில் ஐ, கு, கண் எல்லாமே பெயருக்குப் பின்னால் வந்து ஒட்டுகிறவை. இந்தப் பிள்ளைகள் பேசக் கற்ற நாளிலிருந்து ‘இதற்கு உரிய பெயர் முன்னாலேயே வந்தாயிற்று’ என்ற பழக்கத்தில் வளர்ந்தவர்கள். ஆங்கிலத்தில் அந்தத் திசையைத் திருப்ப வேண்டும். அதனால் நான் விதியைச் சொல்வதோடு நிறுத்துவதில்லை. பென்சிலால் அம்புக்குறி போடச் சொல்வேன். ஒவ்வொரு பிரிபொசிஷனிலிருந்தும் வலது பக்கம் அதற்குரிய பெயர் வரைக்கும் ஓர் அம்பு. ஒரு மாதம் அம்பு போட்டால் கண் தானாகத் திரும்பும்.

‘ஹீ இஸ் ஆங்க்ரி ஆன் மீ’ என்று எழுதுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிற ஆசிரியர்கள் உண்டு. என்மேல் கோபம் என்று வீட்டில் பேசுகிற பிள்ளை வேறு எப்படி எழுதும்? ‘டிஸ்கஸ் அபௌட்’ வருவது ‘பற்றி’யால். ‘மேரீட் வித்’ வருவது ‘உடன்’ என்பதால். ‘ஃபார் டூ இயர்ஸ்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘சின்ஸ் டூ இயர்ஸ்’ வருவது, இரண்டு வருஷமாக என்பதற்கும் 2019இலிருந்து என்பதற்கும் இரண்டு தனித்தனி ஆங்கிலச் சொல் இருக்கிறது என்று யாரும் அழுத்திச் சொல்லாததால். இவையெல்லாம் பழகினால் போய்விடும். வகை கண்டுபிடிப்பதில்தான் தலைவலி அதிகம்.

வலது பக்கம் பார் என்று சொல்லிக்கொடுத்த மறுவாரமே ஒருத்தி ‘த ஹவுஸ் ஐ லிவ் இன்’ என்று எழுதிக்கொண்டு வந்து நிற்பாள். ‘இன்னுக்கு வலது பக்கம் ஒண்ணுமே இல்லையே டீச்சர், அப்ப அட்வெர்ப்பா?’ இல்லை. பஸ்ஸில் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டு, ஆள் கீழே இறங்கி டீ குடிக்கப் போவதில்லையா, அந்த மாதிரி ‘ஹவுஸ்’ முன்னால் போய்விட்டது. ‘இன்’ பக்கத்தில் அதன் இடம் அப்படியே இருக்கிறது. ‘ஐ லிவ் இன் த ஹவுஸ்’ என்று பெயரைத் திரும்ப உட்காரவைத்துப் பார்த்தால் பொருந்தும். ‘ஹீ ஃபெல் டவுன்’ வாக்கியத்தில் எதைக் கொண்டுவந்து உட்காரவைப்பது? அங்கே யாரும் துண்டு போடவில்லை. ‘வாட் ஆர் யூ லுக்கிங் அட்?’ என்பதும் முதல் வகைதான். ‘அட்’டுக்கு உரிய பெயரின் இடத்தில் ‘வாட்’ இருந்தது. கேள்வியாக்கியபோது முன்னால் ஓடிவிட்டது.

வாக்கியத்தைப் பிரிபொசிஷனில் முடிப்பதே தப்பு என்று அடித்துத் திருத்தும் ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்தச் சண்டைக்கு வயசு முன்னூறுக்கு மேல். 1672இல் கவிஞர் ஜான் டிரைடன், பென் ஜான்சன் இப்படி எழுதியதைக் குற்றமாகச் சொன்னார். தன் எழுத்திலும் அதே பழக்கம் இருப்பதைப் பார்த்துவிட்டு, நாடகக் கவிதை பற்றிய தன் கட்டுரையை 1684இல் மறுபடி அச்சிட்டபோது அந்த இடங்களைத் திருத்தினார். 1762இல் இலக்கணம் எழுதிய ராபர்ட் லவ்த், பேச்சுக்கு இது சரி, கம்பீரமான எழுத்துக்கு வேண்டாம் என்ற மாதிரி அறிவுரை சொன்னார். வேடிக்கை என்னவென்றால், அந்த அறிவுரையை ஒட்டிய வாக்கியத்தையே ‘டு’ என்று முடித்திருந்தார். என் வகுப்பில் இதற்குச் சிவப்பு மை கிடையாது. விண்ணப்பக் கடிதத்தில் வேண்டாம் என்று மட்டும் சொல்வேன்.

எல்லாவற்றையும்விட அதிக நேரம் எடுப்பது ‘அப்’. ‘ஹீ ரேன் அப் எ ஹில்’, ‘ஹீ ரேன் அப் எ பில்’ என்று இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுவேன். முதலாமவன் மலையேறி ஓடினான். இரண்டாமவன் கடையில் கணக்கை ஏற்றிவிட்டான். ஓர் எழுத்துதான் வித்தியாசம். இரண்டிலும் ‘அப்’புக்கு வலது பக்கம் பெயர் நிற்கிறது. என் சோதனைப்படி இரண்டுமே பிரிபொசிஷன் ஆக வேண்டும். ஆகாது. இரண்டாவதில் ‘அப்’ வினையோடு சேர்ந்தது. ‘பில்’ அந்த மொத்த வினைக்கும் சொந்தமான ஆப்ஜெக்ட்.

இதை விளக்கத்தால் புரியவைப்பது கஷ்டம், செய்யவைப்பது சுலபம். பெயரை எடுத்துவிட்டு ‘இட்’ போடச் சொல்வேன். ஒருமுறை தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வருகிற ஒரு பெண் பலகைக்கு வந்து எழுதினாள். மலைக்கு ‘ஹீ ரேன் அப் இட்’ என்று வந்தது. பில்லுக்கும் ‘ஹீ ரேன் அப் இட்’ என்று எழுதிவிட்டு, உதட்டுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். அழித்துவிட்டு ‘ஹீ ரேன் இட் அப்’ என்று எழுதினாள். ‘ஹில்லுக்கு இட் பின்னாடியே நிக்குது. பில்லுக்கு நடுவுல வந்து உக்காந்துக்கிடுது டீச்சர்’ என்றாள். அவள் சொன்னதை அப்படியே எல்லாரையும் நோட்டில் எழுதச் சொன்னேன்.

அதன்பிறகு அவர்களே ஜோடி தேட ஆரம்பித்துவிடுவார்கள். ‘டர்ன் ஆஃப் த லைட்’: லைட்டை அணை, ‘டர்ன் இட் ஆஃப்’ என்று நடுவில் வரும். ‘வீ டர்ன்ட் ஆஃப் த ரோட்’: ரோட்டை விட்டுத் திரும்பினோம், ‘டர்ன்ட் ஆஃப் இட்’ என்று பின்னால்தான் நிற்கும். ‘லுக் ஆஃப்டர் த சைல்டு’ கொஞ்சம் ஏமாற்றும். குழந்தையைப் பார்த்துக்கொள் என்ற அர்த்தத்தை வைத்துப் பார்த்தால் ‘லுக் ஆஃப்டர்’ முழுக்க ஒரே வினை மாதிரி இருக்கிறது. ஆனால் ‘லுக் ஹெர் ஆஃப்டர்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘லுக் ஆஃப்டர் ஹெர்’தான். அங்கே ‘ஆஃப்டர்’ பிரிபொசிஷன். அர்த்தத்தை நம்பாதே, இடத்தை நம்பு என்று நான் சொல்வது இதற்காகத்தான். வினையோடு சேர்கிற ‘அப்’, ‘ஆஃப்’ போன்றவற்றைப் புது இலக்கண நூல்கள் பார்ட்டிகிள் என்கின்றன. பழைய நூல்களில் அட்வெர்ப். கேள்வித்தாளில் பார்ட்டிகிள் என்ற ஆப்ஷன் இருந்தால் அதைப் போடு, இல்லையென்றால் அட்வெர்ப்பைப் போடு.

‘டு’ இன்னொரு வம்பு. ‘ஐ வென்ட் டு மதுரை’ என்பதில் பிரிபொசிஷன். ‘ஐ வான்ட் டு கோ’ என்பதில் வினைக்கு முன்னால் வரும் வெறும் அடையாளம். வேலைக்கு விண்ணப்பம் எழுதுகிறவர்கள் ‘லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ’ என்று முடிப்பது இந்த இரண்டும் குழம்பியதால்தான். இங்கேயும் ‘இட்’ கைகொடுக்கும். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு இட்’ என்று சொல்ல முடிகிறது. ஆகவே இந்த ‘டு’ பிரிபொசிஷன், அடுத்து வரவேண்டியது ‘மீட்டிங்’. ‘ஐ வான்ட் டு இட்’ என்று சொல்ல முடியாது. ‘ஐ யூஸ்ட் டு வாக்’ என்றால் முன்பு நடப்பேன், இப்போது இல்லை. ‘ஐ ஆம் யூஸ்ட் டு வாக்கிங்’ என்றால் நடந்து பழக்கம். பேங்க் தேர்வில் பிழை கண்டுபிடிக்கச் சொல்லும் பகுதிக்கு இந்த இரண்டும் தெரியாமல் போகக் கூடாது.

பிரிபொசிஷன் மாதிரி முகம் இல்லாத பிரிபொசிஷன்களும் உண்டு. ‘எவ்ரிஒன் பட் ஹிம்’ என்பதில் ‘பட்’ கன்ஜங்ஷன் இல்லை. அவனைத் தவிர என்று அர்த்தம். ‘கன்சிடரிங் ஹிஸ் ஏஜ்’, ‘ரிகார்டிங் யுவர் லெட்டர்’ எல்லாம் வினையாக இருந்து இந்தப் பக்கம் வந்து சேர்ந்தவை. ‘டியூரிங்’ கூட அப்படித்தான். அதைப் பெற்ற வினை ஆங்கிலத்தில் வழக்கொழிந்தே போய்விட்டது. டிக்டேஷன் போடும்போது எனக்குப் பிடித்தது ‘பாஸ்ட்’. ‘ஹீ பாஸ்ட் த டெம்பிள்’, ‘ஹீ வாக்ட் பாஸ்ட் த டெம்பிள்’. காதுக்கு இரண்டு ‘பாஸ்ட்’டும் ஒன்றுதான், தமிழில் எழுதினாலும் ஒன்றுதான். ஆங்கில ஸ்பெல்லிங் மட்டும் வேறு. முதலாவது வினை, அதனால் ஈ.டி.யில் முடியும். இரண்டாவதில் ‘வாக்ட்’ என்ற வினை ஏற்கெனவே இருக்கிறது. ‘பாஸ்ட்’ பிரிபொசிஷன், டி.யில் முடியும். இலக்கணம் தெரியாமல் அந்த ஸ்பெல்லிங்கைச் சரியாக எழுதவே முடியாது. இலக்கணம் எதற்கு டீச்சர் என்று கேட்கிறவர்களுக்கு இந்த டிக்டேஷனைப் போட்டுவிடுவேன்.

எங்கள் எல்லாருக்கும் வேதம் ரென் அண்ட் மார்ட்டின். அந்த பி.சி.ரென் இந்தியாவில் கல்வித் துறையில் வேலை பார்த்தவர். பிரெஞ்சு அந்நியப் படையை வைத்து எழுதிய ‘போ ஜெஸ்ட்’ நாவலால் வெளியுலகில் பெயர் வாங்கியவர். அந்த நாவல் வந்தது 1924இல். இங்கே அவரை நாவலாசிரியராக யாருக்கும் தெரியாது. அவர் புத்தகத்தில் எட்டு பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச். அந்த எட்டு ஆங்கிலத்துக்காக எண்ணியதே இல்லை. கிரேக்கர்கள் எட்டு வைத்தார்கள். லத்தீனில் ஆர்ட்டிகிள் கிடையாது. ஒன்று குறைந்ததும் இன்டர்ஜெக்ஷனைச் சேர்த்து எட்டாக்கிக்கொண்டார்கள். ஆங்கிலத்துக்கு வந்தபோது பார்ட்டிசிபிள் வெளியே போனது, நௌனுக்குள் இருந்த அட்ஜெக்டிவ் தனிக்குடித்தனம் வந்தது. எண்ணிக்கை மட்டும் மாறவில்லை.

அதே 1924இல் டென்மார்க்காரர் ஓட்டோ எஸ்பர்சன் ‘த ஃபிலாசஃபி ஆஃப் கிராமர்’ என்ற புத்தகத்தில் ஒரு கேள்வியை எழுப்பினார். அதை என் வகுப்புக்கு ஏற்றமாதிரி சொல்கிறேன். ‘ஐ நோ’, ‘ஐ நோ ஹிம்’, ‘ஐ நோ ஹீ இஸ் ஹானஸ்ட்’ மூன்றிலும் ‘நோ’ வெர்ப்தான். பின்னால் ஒன்றும் இல்லாவிட்டாலும், பெயர் வந்தாலும், வாக்கியம் வந்தாலும் அதற்குப் பெயர் மாற்றுவதில்லை. ‘பிஃபோர்’ மட்டும் என்ன பாவம் செய்தது, அதற்கு ஏன் மூன்று பெயர்? ஹடில்ஸ்டனும் புல்லமும் 2002இல் கொண்டுவந்த கேம்பிரிட்ஜ் இலக்கணம், 1,800 பக்கத்துக்கு மேல் போகிற புத்தகம், இந்த வாதத்தை ஒப்புக்கொண்டு மூன்று ‘பிஃபோர்’களையும் பிரிபொசிஷன் என்றே சொல்கிறது. எனக்கும் எஸ்பர்சன் சொல்வதுதான் நியாயமாகப் படுகிறது. ஆனால் டெட் வகுப்பில் இதைத் தேர்வு முடிந்தபிறகுதான் சொல்வேன்.

ஒரு தேர்வில் அதற்கும் சோதனை வந்தது. ‘ஹீ வென்ட் இன்சைட்’ என்று கொடுத்து ‘இன்சைட்’ எந்த வகை என்று கேட்டிருந்தார்கள். என் மாணவி அட்வெர்ப் என்று குறித்துவிட்டு வந்தாள். உத்தேச விடையில் பிரிபொசிஷன் என்று இருந்தது. ஒரு மார்க்கில் ஆயிரம் பேர் இடம் மாறுகிற தேர்வு. ஆட்சேபம் தெரிவிக்கப் புத்தக ஆதாரம் வேண்டும் என்று ஓடிவந்தாள். என் அலமாரியில் ரென் அண்ட் மார்ட்டின் அவள் பக்கம் நின்றது. 2002ஆம் வருஷப் புத்தகம் எதிர்ப்பக்கம். விடை தயாரித்தவர் கேம்பிரிட்ஜ் இலக்கணத்தைப் படித்துவிட்டா போட்டிருப்பார்? நம் பிள்ளைகள் மாதிரி பட்டியலைப் பார்த்துத்தான் போட்டிருப்பார். நான் பழைய புத்தகத்தின் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். இறுதி விடையில் அட்வெர்ப் என்று மாற்றியிருந்தார்கள்.

பகல் வகுப்பில் படித்த பையன் ஒருவன் இப்போது சென்னையில் கம்ப்யூட்டருக்கு வாக்கியங்களைப் பிரித்து டேக் போடும் வேலையில் இருக்கிறான். ‘பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச்தான் டீச்சர் என் சம்பளமே’ என்று போனில் சொன்னான். அவன் பயன்படுத்துவது பென் ட்ரீபேங்க் என்ற அமெரிக்கத் திட்டத்தில் உருவான 36 டேக் கொண்ட பட்டியல். அதில் பிரிபொசிஷனுக்கும் துணை வாக்கியத்தைச் சேர்க்கிற கன்ஜங்ஷனுக்கும் ஐ.என். என்று ஒரே டேக்தான். ‘நீங்க அடிச்சு அடிச்சுப் பிரிக்கச் சொன்ன பிஃபோரை இவங்க சேத்தே வச்சிருக்காங்க டீச்சர்’ என்றான், சந்தோஷமாக. எஸ்பர்சனில் பாதி வழி வந்திருக்கிறார்கள். ‘ரேன் அப் எ பில்’லுக்கு என்னடா செய்வாய் என்று கேட்டேன். அதற்கு ஆர்.பி. என்று தனி டேக் இருக்கிறதாம். ஆப்ஜெக்ட்டைத் தாண்டி நகருகிறதா என்று பார்த்துப் போடவேண்டுமாம். சரி, பலகையில் ‘இட்’ எழுதியது வீண்போகவில்லை. ‘டு’ மட்டும் எந்த வேலை செய்தாலும் அதற்கு ஒரே டேக் என்றான். எனக்கு அது ஒப்பவில்லை. ‘டு மீட்டிங்’ எங்கே, ‘டு மீட்’ எங்கே என்று மெஷினுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

‘பக்கத்துச் சொல்லைப் பாத்து அதுவே கண்டுபிடிச்சுக்கிடும் டீச்சர்.’

‘வலது பக்கத்துச் சொல்லைத்தானே?’

ரெண்டு பக்கமும் பார்க்குமாம்.